35 என்று எழுதிய குழந்தை

52-இல் 27 போனால் மீதி எவ்வளவு? மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று 35 என்று எழுதுகிறது. சரியான விடை 25. ஆசிரியர் சிவப்பு மையில் தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுக்கிறார். மேசையில் நாற்பது நோட்டுகள் அடுக்கியிருக்கும்போது அதற்குமேல் அவரால் என்ன செய்ய முடியும்? ஆனால் அந்த 35, குழந்தை கண்ணை மூடிக்கொண்டு எழுதிய எண் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு வழிமுறை இருக்கிறது. அது இரண்டில் ஒன்றாக இருக்கக்கூடும்.

முதல் வழியைப் பாருங்கள். ஒன்றாம் இடத்தில் 2-இல் 7 போகாது. எப்போதும் பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று குழந்தை மனதில் பதித்துவைத்திருக்கிறது. அதனால் 7-இல் 2-ஐக் கழித்து 5 என்று எழுதுகிறது. பத்தாம் இடத்தில் 5-இல் 2 போக 3. விடை 35. இரண்டாவது வழி வேறு. 2-இல் 7 போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்க வேண்டும் என்பது இந்தக் குழந்தைக்குத் தெரியும். வாங்கியும் விடுகிறது, 12-இல் 7 போக 5. ஆனால் கடன் கொடுத்த 5 இப்போது 4 ஆகிவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ள மறந்துவிடுகிறது. 5-இல் 2 போக 3. விடை மறுபடியும் 35.

நோட்டில் இரண்டும் ஒரே தப்பு. குழந்தைகளின் தலைக்குள் நடப்பதோ முற்றிலும் வேறு. முதல் குழந்தைக்கு இடமதிப்பே இன்னும் பிடிபடவில்லை. அதற்குக் குச்சிகளையும் பத்துக் குச்சிக் கட்டுகளையும் கையில் கொடுத்துத் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டாவது குழந்தைக்குக் கருத்து புரிந்திருக்கிறது. எழுதும் ஒழுங்கில்தான் ஒரு படி விடுபடுகிறது. அதை உட்காரவைத்துக் குச்சி எண்ணச் சொன்னால் சலித்துப்போகும். முதல் குழந்தையிடம் "கவனமாகப் போடு" என்று சொன்னால் அது அதே தவறை அதிகக் கவனத்தோடு செய்யும்.

யார் எந்த வகை என்று கண்டுபிடிக்க வழி உண்டு. அடுத்ததாக 74-இல் 38-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். முதல் குழந்தை 8-இல் 4, 7-இல் 3 என்று போட்டு 44 என்று எழுதும். இரண்டாவது குழந்தை 14-இல் 8, 7-இல் 3 என்று போட்டு 46 என்று எழுதும். சரியான விடை 36. ஒரே ஒரு கேள்வியில் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். இதற்குப் பதில் 68-இல் 25 என்று கேட்டிருந்தால் இருவருமே 43 என்று சரியாக எழுதியிருப்பார்கள், நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. 81-இல் 36 என்று கேட்டாலும் இரண்டு தவறான வழிகளும் 55 என்ற ஒரே விடையில்தான் கொண்டுபோய்விடும்.

எந்தக் குழந்தையிடம், எந்த நேரத்தில், எந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் வேலைதான் வகுப்பறைக்குள் கணினி வந்ததற்கு முதன்மையான நியாயம் என்று நான் நினைக்கிறேன். நம் ஊரில் டிஜிட்டல் கல்வி என்றவுடன் பேச்சு ஸ்மார்ட் போர்டு, காணொளிப் பாடம், பாடநூலில் கியூஆர் குறியீடு என்று போகிறது. இவையெல்லாம் பாடத்தைக் குழந்தையிடம் கொண்டுசேர்க்கும் வழிகள். குழந்தையிடமிருந்து திரும்பி வரும் விடையைப் படித்துப் பொருள் கொள்ளும் வழிகளைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியில் பலன் கிடைத்திருப்பதோ பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான்.

விடையைக் கேட்கும் இயந்திரம் என்ற எண்ணம் கணினியைவிடப் பழையது. 1920-களிலேயே அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிட்னி பிரெஸ்ஸி என்ற உளவியலாளர், தட்டச்சுப் பொறி போன்ற ஒரு சிறு கருவியைச் செய்தார். கேள்விக்கு நான்கு விடைகள், நான்கு பொத்தான்கள். சரியான பொத்தானை அழுத்தும்வரை அடுத்த கேள்விக்கு நகராதபடி அதை அமைக்கலாம். 1953-இல் பி.எஃப். ஸ்கின்னர் தன் மகளின் நான்காம் வகுப்புக் கணித வகுப்பைப் பார்க்கப் போனார். எல்லாக் குழந்தைகளும் ஒரே வேகத்தில் இழுக்கப்படுவதையும், போட்ட கணக்கு சரியா தவறா என்பது குழந்தைக்கு உடனே தெரியாமல் போவதையும் கண்டு, அவரும் ஒரு கற்பிக்கும் இயந்திரத்தைச் செய்தார். இரண்டு கருவிகளிலும் ஒரே குறை. விடை சரியா தவறா என்பது தெரியும். ஏன் தவறு என்பது தெரியாது.

அந்த 'ஏன்' கணினிக்குள் நுழைந்தது 1978-இல். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், குழந்தைகள் கழித்தலில் செய்யும் தவறுகளை மென்பொருளில் இருக்கும் 'பக்' என்ற பிழைகளைப் போலப் பார்த்தார்கள். குழந்தை விதியை மீறவில்லை. தவறான ஒரு விதியை விடாமல் பின்பற்றுகிறது. அந்த விதியைக் கண்டுபிடித்துவிட்டால், அந்தக் குழந்தை இனிப் போடப்போகும் தவறான விடையைக்கூட முன்கூட்டியே சொல்லிவிடலாம். இப்படிக் கழித்தலில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட தவறான விதிகள் பின்னால் பட்டியலிடப்பட்டன. 'பூஜ்யத்திலிருந்து எதைக் கழித்தாலும் பூஜ்யமே' என்பது ஒன்று. 'பூஜ்யத்திலிருந்து கழிக்கச் சொன்னால் கீழே இருக்கும் எண்ணை அப்படியே இறக்கி எழுது' என்பது இன்னொன்று.

அவர்கள் செய்த 'பக்கி' என்ற மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், அது முதலில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்காகச் செய்யப்பட்டது என்பதுதான். கணினி ஒரு தவறான விதியை மனதில் வைத்துக்கொண்டு மாணவர் வேடம் போடும். ஆசிரியராகப் போகிறவர்கள் கணக்குகளைக் கொடுத்து, அது தரும் விடைகளிலிருந்து அந்த விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியரை ஒதுக்கும் நோக்கமே அதில் இல்லை. ஆசிரியரின் கண்ணைக் கூர்மையாக்கும் கருவியாகவே அது பிறந்தது. நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் இப்படி ஒரு விளையாட்டை இன்றைக்கு ஒரு சாதாரண செல்பேசியிலேயே ஓட்டலாம்.

ஒரு குழந்தைக்கு ஒரு திறன் வந்துவிட்டது என்று எப்போது முடிவு செய்வது? ஒரு சரியான விடை போதுமா? குத்துமதிப்பாகப் போட்டதுகூடச் சரியாகியிருக்கலாம். நன்றாகத் தெரிந்த குழந்தையும் கவனக்குறைவில் தவறலாம். இந்த இரண்டு சந்தேகத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முறை ஒன்றை, பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் 1990-களின் நடுவில் வகுத்தார்கள். இன்றும் பல கற்றல் மென்பொருள்களின் அடியில் இந்த முறையோ இதன் வழித்தோன்றலோதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கணக்கு அப்படியொன்றும் கடினமல்ல.

நூறு குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். கடன் வாங்கிக் கழிப்பது அவர்களில் 40 பேருக்குத் தெரியும், 60 பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் பத்துக்கு ஒரு தடவை கவனம் பிசகித் தவறுவார்கள். தெரியாதவர்களும் ஐந்துக்கு ஒரு தடவை எப்படியோ சரியான விடையைத் தொட்டுவிடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேள்வி கேட்கிறோம். தெரிந்த 40 பேரில் 36 பேர் சரியாகச் சொல்வார்கள். தெரியாத 60 பேரில் 12 பேரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆக, சரியாகச் சொன்னவர்கள் 48 பேர். அவர்களில் உண்மையில் தெரிந்தவர்கள் 36. அதாவது நூற்றுக்கு 75. முதலில் நூற்றுக்கு 40 என்றிருந்த நம் நம்பிக்கை ஒரு சரியான விடையில் 75 ஆகிவிடுகிறது. இரண்டாவது கேள்விக்கும் சரியாகச் சொன்னால் 93. மூன்றாவதும் சரி என்றால் 98. பொதுவாக 95-ஐத் தாண்டினால் அந்தத் திறன் வந்துவிட்டதாகக் கொண்டு மென்பொருள் அடுத்த பாடத்துக்குப் போகும்.

முதல் விடை தவறானால்? தெரிந்திருந்தும் தவறியவர்கள் 4 பேர், தெரியாமல் தவறியவர்கள் 48 பேர். 52-இல் 4 என்பது நூற்றுக்கு 8-க்கும் சற்றுக் குறைவு. நம்பிக்கை 40-இலிருந்து ஒரேயடியாக 8-க்கு இறங்குகிறது. 1763-இல், தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேய மதகுரு இறந்த பிறகு வெளியான நிகழ்தகவுத் தேற்றத்தின் நேரடிப் பயன்பாடு இது. கேள்விக்குப் பதில் சொல்லும் அந்த முயற்சியிலேயே குழந்தை கற்றுக்கொண்டிருக்கவும் கூடும் என்பதற்கு இன்னொரு எண்ணும் இதில் உண்டு; எளிமைக்காக அதை விட்டுவிட்டேன்.

நாற்பது குழந்தைகள், ஒவ்வொருவருக்கும் இருபது முப்பது திறன்கள், ஒவ்வொரு திறனுக்கும் நாள்தோறும் மாறும் ஒரு எண். இதை மனதில் வைத்துக்கொள்ள எந்த ஆசிரியராலும் முடியாது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் உள்ளுணர்வால் இதில் கணிசமான பகுதியைச் செய்கிறார்கள். ஆனால் முன்வரிசையில் கை தூக்கும் எட்டுப் பேரைப் பற்றி அவர்களுக்குத் தெரியும் அளவு, கடைசி வரிசையில் வாய் திறக்காத எட்டுப் பேரைப் பற்றித் தெரிய வழியில்லை. கணினிக்கு வரிசை கிடையாது.

கேள்வி கேட்பதில் இன்னொரு பலனும் இருக்கிறது. விடையை நினைவிலிருந்து இழுத்து வரும் செயலே அதை ஆழப் பதிக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் சிறு உரைப்பகுதிகளைப் படித்தார்கள். சிலவற்றை இரண்டாம் முறையும் படித்தார்கள். மற்றவற்றை மூடிவைத்துவிட்டு நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவற்றில் 81 விழுக்காடும், நினைவிலிருந்து எழுதியவற்றில் 75 விழுக்காடும் நினைவிருந்தது. மறுபடி படிப்பதே மேல் என்றுதான் அப்போது தோன்றியிருக்கும். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தது 42-க்கு இறங்கியிருந்தது. நினைவிலிருந்து எழுதியது 56-இல் நின்றது.

காணொளிப் பாடத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்து இந்த எண்களில் தெரிகிறது. நன்றாகத் தயாரித்த காணொளியைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்துவிட்டதாகவே தோன்றும். அந்த உணர்வு பொய்யல்ல, ஆனால் ஐந்து நிமிடத்துக்குத்தான் செல்லும். நடுநடுவே நிறுத்தி, "இதை நீயே போட்டுப் பார்" என்று கேட்டு, வந்த விடையைப் பார்த்துவிட்டு மேலே போகும் காணொளிக்கும் ஒரேயடியாக ஓடி முடியும் காணொளிக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. 2019-இல் தொடங்கிய நம் கல்வித் தொலைக்காட்சி, பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது எத்தனையோ வீடுகளில் பள்ளியோடு இருந்த ஒரே தொடர்பாக விளங்கியது. அதில் பாடம் நடத்திய ஆசிரியர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் காது கிடையாது. 35 என்று எழுதிய குழந்தைக்கு அதனால் எதுவும் சொல்ல முடியாது.

இதெல்லாம் ஆய்வகத்துக்குச் சரி, நம் அரசுப் பள்ளிக் குழந்தைகளிடம் வேலை செய்யுமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். இதற்குக் கிடைத்த நல்ல விடைகளில் ஒன்று டெல்லியிலிருந்து வந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹான்ட்ரோ கனிமியன் ஆகிய மூவர் நடத்தி, 2019-இல் வெளியிட்ட ஆய்வு அது. அரசு நடுநிலைப் பள்ளிகளில் படிக்கும் 619 மாணவர்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருள் மையத்தில் பள்ளி நேரத்துக்கு வெளியே இலவச இடம் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 90 நிமிடம். அதில் பாதி நேரம் கணினி முன்னால் தனியாக; மீதி நேரம் ஒரு பயிற்றுநருடன் சிறு குழுவாக.

ஆய்வின் தொடக்கத் தேர்விலேயே தெரியவந்த ஒரு செய்தி, கடைசியில் வந்த முடிவைவிட என்னை அதிகம் பாதித்தது. ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் தங்கள் வகுப்புக்குச் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் இந்த இடைவெளி நாலரை வகுப்பாக விரிந்திருந்தது. ஒரே அறையில், ஒரே பாடநூலை விரித்து உட்கார்ந்திருப்பவர்களுக்குள் ஐந்து ஆறு வகுப்பு வேறுபாடு. ஆசிரியர் பாடத்திட்டப்படி பின்னங்களை வகுக்கக் கற்றுக்கொடுக்கிறார்; எதிரே இருப்பவர்களில் பலருக்குக் கடன் வாங்கிக் கழிப்பதே நிலைபெறவில்லை. மையத்துக்கு வராமல் வழக்கம்போலப் பள்ளிக்கு மட்டும் போய்வந்த மாணவர்களில், கடைசி மூன்றில் ஒரு பங்கினர் ஆய்வு நடந்த நாலரை மாதத்தில் அளவிடத்தக்க முன்னேற்றம் எதையும் காட்டவில்லை. தினமும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறேன். அவர்களைச் சோம்பேறிகள் என்றோ, அவர்களுடைய ஆசிரியர்களைப் பொறுப்பற்றவர்கள் என்றோ சொல்பவர்கள் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள் நாலரை மாத முடிவில் கணிதத்தில் 0.37 திட்ட விலக்கமும் இந்தியில் 0.23 திட்ட விலக்கமும் மற்றவர்களைவிட உயர்ந்திருந்தார்கள். திட்ட விலக்கம் என்ற அளவு பழக்கமில்லாதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: நூறு பேரைக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து வரிசையாக நிறுத்தினால் 50-ஆவதாக நிற்கும் ஒருவர், கணிதத்தில் சுமார் 64-ஆவது இடத்துக்கு நகர்ந்திருப்பார். அதைவிடப் பெரிய செய்தி, முன்னணியில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அதே அளவு உயர்வு பின்தங்கியவர்களுக்கும் கிடைத்தது என்பது. காரணம் எளிது. ஒவ்வொருவருக்கும் அவரவர் நின்ற இடத்திலிருந்து மென்பொருள் பாடத்தைத் தொடங்கியது. எட்டாம் வகுப்பு மாணவருக்கு நான்காம் வகுப்புக் கணக்கு தேவைப்பட்டால் அதையே கொடுத்தது. பக்கத்து இருக்கைக்காரருக்கு அது தெரியப்போவதில்லை என்பதால் அதில் அவமானமும் இல்லை.

இதில் மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. பள்ளி நடத்திய சொந்தத் தேர்வில், கணிதத்தில் குறிப்பிடத்தக்க உயர்வு தெரியவில்லை. எட்டாம் வகுப்புத் தாளில் எட்டாம் வகுப்புக் கேள்விதான் இருக்கும். நான்காம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புத் தரத்துக்கு ஏறி வந்த குழந்தையின் உழைப்பை அந்தத் தாள் பார்க்காது. பின்தங்கியவர்களுக்கு என்று எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் ஆண்டுத் தேர்வின் தேர்ச்சி விழுக்காட்டை வைத்து அதை எடைபோடுவது பெரிய அநீதியாகிவிடும்.

கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற உலகளாவிய முயற்சியைப் பெரிய அளவில் ஏற்ற நாடுகளில் ஒன்று பெரு. அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், 15 மாதம் கழித்தும் கணிதத்திலோ மொழியிலோ மதிப்பெண் உயர்ந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. கணினி வந்தது, குழந்தையின் விடையைப் படிப்பவர் யாரும் கூடவே வரவில்லை.

குஜராத்தில் கிடைத்த பாடம் இன்னும் நுட்பமானது. வதோதரா நகராட்சிப் பள்ளிகளில் நான்காம் வகுப்புக் குழந்தைகள் ஒரு கணினிக்கு இருவராக உட்கார்ந்து, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணித விளையாட்டுகளில் ஈடுபட்டபோது கணிதம் 0.47 திட்ட விலக்கம் உயர்ந்ததாக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2007-இல் எழுதினார்கள். அவர்களுடைய சக ஆய்வாளர் லீ லிண்டன் அதே மாநிலத்தில் வேறு பள்ளிகளில் செய்த இன்னொரு ஆய்வில், பள்ளி நேரத்துக்குப் பின் கூடுதலாகக் கணினி கொடுத்தபோது 0.28 உயர்வு, வழக்கமான வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாகக் கணினி முன் உட்காரவைத்தபோது 0.57 சரிவு. அந்தப் பள்ளிகளில் ஆசிரியர்கள் ஏற்கெனவே நன்றாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல ஆசிரியரின் நேரத்தைப் பிடுங்கிக் கருவிக்குக் கொடுத்ததற்கான விலை அது. பள்ளி அட்டவணையில் 'கணினி வகுப்பு' என்று ஒரு பாடவேளையைச் செருகும் முன், அது எதன் இடத்தை எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது தலைமையாசிரியரின் கடமை.

சாட்ஜிபிடி வந்த பிறகு நிலைமை மாறிவிட்டதா? துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வைப் பார்ப்போம். ஒரு குழுவுக்குச் சாதாரண உரையாடல் செயலி. கேட்டால் விடையையே கொடுத்துவிடும். இன்னொரு குழுவுக்கு அதே செயலியைக் கட்டுப்படுத்தி அமைத்தது. விடையைச் சொல்லாது, குறிப்பு மட்டும் தரும். அந்தக் கணக்கில் மாணவர்கள் வழக்கமாக எங்கே தவறுவார்கள், எப்படி வழிகாட்ட வேண்டும் என்று ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்தது அதற்குள் இருந்தது. பயிற்சி நேரத்தில் முதல் குழு 48 விழுக்காடும், இரண்டாவது குழு 127 விழுக்காடும் செயலி இல்லாதவர்களைவிடச் சிறப்பாகச் செய்தன. பிறகு செயலியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் குழு, செயலியையே பார்த்திராதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கியது. தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதை அந்த மாணவர்கள் உணரவும் இல்லை. இரண்டாவது குழுவுக்கு அந்தச் சரிவு நேரவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்கு முன் பிரவுனும் பர்ட்டனும் பட்டியலிட்ட அதே வகைச் செய்தி, அதாவது குழந்தை எப்படித் தவறும் என்ற ஆசிரியரின் அறிவு, இன்றைய அதிநவீன இயந்திரத்துக்குள்ளும் தேவைப்பட்டது.

கருவி எளிமையாக இருந்தாலும் போதும் என்பதற்கு போட்ஸ்வானா சாட்சி. 2020-இல் பள்ளிகள் மூடியபோது, அங்கே சில குடும்பங்களுக்கு வாரம் ஒரு எஸ்எம்எஸ்-இல் கணக்குகள் அனுப்பினார்கள். வேறு சிலருக்கு எஸ்எம்எஸ்-உடன் ஒரு தொலைபேசி அழைப்பும். பெற்றோரும் பிள்ளையும் பக்கத்தில் இருக்க, 15 முதல் 20 நிமிடம் ஆசிரியர் பேசுவார். எஸ்எம்எஸ் மட்டும் பெற்றவர்களிடம் தெளிவான பலன் தெரியவில்லை. அழைப்பும் சேர்ந்தபோது 0.12 திட்ட விலக்கம் உயர்ந்தது. மறுமுனையில் ஒரு மனிதர் விடையைக் கேட்டு, அடுத்த கேள்வியைத் தீர்மானித்தார். சாதாரணப் பொத்தான் செல்பேசி போதுமானதாக இருந்தது.

தமிழ்நாட்டிலும் இதை ஒத்த சான்று உண்டு. கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைப் பெருந்தொற்றுக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வில், 2021 டிசம்பரில் கணிதத்தில் 0.7, மொழியில் 0.34 திட்ட விலக்க இழப்பு தெரிந்தது. பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் நான்கில் ஒரு பங்கு, 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் மாலை நேரத்தில் குழந்தைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களால் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள். அவர்கள் கையில் உயர்ரகக் கருவி எதுவும் இல்லை. இருந்தது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பொறுமை. அந்தப் பொறுமைக்குத் துணையாக, "இந்தக் குழந்தை இங்கே தடுமாறுகிறது, அடுத்து இதைக் கேளுங்கள்" என்று சொல்லும் ஒரு செயலி இருந்திருந்தால் அது இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று ஏங்குகிறேன்.

2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. வகுப்பை வைத்துப் பார்க்காமல் நிலையை வைத்துப் பார்ப்பது சரியான திசை. ஆனால் 'அரும்பு' என்ற ஒரே பெயருக்குள் 44 என்று எழுதும் குழந்தையும் 46 என்று எழுதும் குழந்தையும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் செல்பேசியில் பதியும் மதிப்பீடு மேலே மேலே போய் மாவட்டச் சராசரியாக மாறுவதோடு நின்றுவிடாமல், நாளைக் காலை பத்து மணிக்கு அந்தக் குழந்தைகளிடம் என்ன கேட்க வேண்டும் என்ற குறிப்பாக அவரிடமே திரும்பி வர வேண்டும். பதிவு செய்யும் சலிப்பான வேலைக்கு அப்போதுதான் பொருள் வரும்.

கணிதத்துக்காவது உலகம் முழுவதும் தவறுகளின் பட்டியல் இருக்கிறது. தமிழ் வாசிப்பை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் எழுத்துமுறை இதற்கு அருமையாக வசப்படக்கூடியது. 216 உயிர்மெய் எழுத்துகளும் 18 மெய்யும் 12 உயிரும் சேர்ந்து உருவானவை. ஆகவே ஒரு குழந்தை 'கே', 'தே', 'மே' மூன்றையும் குறிலாக வாசித்தால் அது மூன்று தவறு அல்ல. இரட்டைக்கொம்பு என்ற ஒரே குறி தெரியாததன் விளைவு. அந்த ஒன்றைச் சரிசெய்தால் பதினெட்டு எழுத்துகள் ஒரேயடியாகச் சரியாகும். 'தொடு' என்பதைத் 'தெ' என்று தொடங்கி அடுத்து வரும் துணைக்காலில் தடுமாறும் குழந்தை, எழுத்துக்கு முன்னால் ஒரு குறியும் பின்னால் ஒரு குறியும் சேர்ந்து ஒரே ஒலியாவதைப் பிடிக்கவில்லை. அது வேறு தவறு. கு, சு, டு, து, மு என்று உகர வரிசையில் மட்டும் தயங்கும் குழந்தையின் சிக்கல் மூன்றாவது வகை. அங்கே குறி ஒரே வடிவில் வருவதில்லை. எழுத்துக்கு எழுத்து மாறுகிறது, அதனால் ஒன்றைக் கற்று மற்றவற்றுக்கு நீட்ட முடியாமல் ஒவ்வொன்றாகப் பழக வேண்டியிருக்கிறது. ல, ள, ழ குழப்பம் இன்னொரு வகை. அது பல நேரம் கண்ணின் சிக்கலே அல்ல, வீட்டில் காதில் விழும் பேச்சில் அந்த வேறுபாடு இல்லாததன் விளைவு.

ஒவ்வொரு வகைக்கும் அதைப் பிரித்துக் காட்டும் நான்கைந்து சொற்களைத் தேர்ந்தெடுக்கலாம். 52-இல் 27-க்குப் பிறகு 74-இல் 38-ஐக் கேட்டதைப் போலத்தான். குழந்தை வாசிப்பதைக் கேட்டு, எது எப்படி வாசிக்கப்பட்டது என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொடுத்தால், அதை வகைபிரித்து அடுத்த சொல்லைத் தேர்ந்தெடுக்கும் நிரல் எழுதுவது பொறியியல் கல்லூரி மாணவர்களின் கைக்கு எட்டாத வேலை அல்ல. கடினமான பகுதி அந்தக் குறிப்புகளைத் திரட்டுவது. மாணவர் எண்ணிக்கை, வருகை, இலவசப் பொருள் என்று எத்தனையோ பட்டியல்களை நம் வட்டார வள மையங்கள் ஏற்கெனவே திரட்டுகின்றன. ஒரு பருவத்துக்கு, தங்கள் வட்டாரத்தில் உள்ள பத்துப் பள்ளிகளின் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் எந்தச் சொல்லை எப்படித் தவறாக வாசித்தார்கள் என்ற பட்டியலையும் அவை திரட்டத் தொடங்கலாம்.